விசைப்படகின் எட்டாத இடங்களில் புதிய வயர் இழுக்கும் முறை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கும் காலம். படகைக் கரையேற்றிக் கலப்பத்து பார்ப்பது (பலகை இடுக்குகளை அடைப்பது), பெயின்ட் அடிப்பது, என்ஜினைப் பிரித்துப் பூட்டுவது என்று வேலைகள் ஒவ்வொன்றாக முடிந்து, மின்வேலைக்கு முறை வரும்போது பெரும்பாலும் தடைக்காலத்தின் கடைசி வாரம் ஆகியிருக்கும். அந்த அவசரத்தில், புதிதாக வாங்கிய எக்கோ சவுண்டருக்கோ (ஆழம் காட்டும் கருவி) வி.எச்.எஃப். வானொலிக் கருவிக்கோ கம்பத்து விளக்குக்கோ மின்சாரம் கொண்டுபோக, மேல்தளத்தின் ஓரமாக ஒரு வயரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்தும், வலைக்கயிறு உரசியும், ஆட்கள் மிதித்தும் அந்த வயர் நெடுநாள் தாங்குவதில்லை. அது அறுந்துபோகும் இடம் நடுக்கடலாக இருப்பதுதான் வழக்கம்.

தளத்துக்கு அடியிலும், சுக்கான் பிடிக்கும் அறையான வீல் ஹவுஸின் கூரைக்குள்ளும், மீன் அறையின் பக்கச் சுவரை ஒட்டியும், கம்பத்தின் உள்ளேயும் வயரைக் கொண்டுபோவது கடினமான வேலை என்பது உண்மைதான். கை நுழையாத இடம், கண்ணுக்குத் தெரியாத இடம், குனிந்தால் நிமிர முடியாத இடம் என்று படகில் பாதி இடங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் இந்த வேலையில் இழுப்பது சிறு பகுதியே. பாதையைச் சரியாகத் தேர்ந்து, வயரையும் அதன் தடிமனையும் சரியாக முடிவு செய்துவிட்டால், இழுப்பதற்கு அரை நாள் போதும். எல்லா முடிவுகளையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: இன்று உள்ளே போகும் வயரை, நாளை பழுதானால், படகின் எந்தப் பகுதியையும் உடைக்காமல் வெளியே எடுக்க முடிய வேண்டும்.

பாதையைத் தேடுவது

முதலில் ஒரு தாளில் படகின் நீளவாட்டுப் படத்தை வரைந்து, பேட்டரி, சுவிட்ச் போர்டு, என்ஜின், டீசல் டேங்க், சுக்கானை இயக்கும் குழாய் அல்லது சங்கிலி, மீன் அறை, ஏற்கெனவே ஓடும் வயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தடுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தவறில்லாமல் இருந்தால் போதும். படகைக் கட்டிய மேஸ்திரி அருகில் இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் பேசுவது, நாள் முழுக்கத் துளைபோட்டுத் தேடுவதைவிடப் பயன் தரும், ஏனென்றால் ஃபைபர் பூசி மூடப்பட்ட வெற்றிடம் எங்கே இருக்கிறது, எந்த வங்குக்கு (படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) அடுத்து மரக்கட்டை வைத்து இறுக்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். கைபேசியில் செருகிப் பயன்படுத்தும் சிறிய எண்டோஸ்கோப் கேமரா இப்போது எளிதாகக் கிடைக்கிறது. விரல் நுழையும் துளை இருந்தால் அதை உள்ளே விட்டு, வங்குகளுக்கு இடையே வழி திறந்திருக்கிறதா, ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, பழைய பிசின் வழிந்து கெட்டித்துப் பாதையை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கேமரா இல்லையென்றால், கைப்பிடி நீளமான கண்ணாடியும் டார்ச்சும் போதும். வீல் ஹவுஸ் கூரையில் உள்ள விளக்குகளைக் கழற்றினால் கிடைக்கும் ஓட்டைகளே, கூரைக்கும் பலகைக்கும் இடையே உள்ள வழியைப் பார்க்க உதவும் சாளரங்கள். அவற்றை விட்டுவிட்டுப் புதிய துளை போட வேண்டியதில்லை.

பாதை எவ்வளவு உயரத்தில் போகிறதோ அவ்வளவு நல்லது. படகின் அடியில் ஏராவை (நீளவாட்டு அடிக்கட்டை) ஒட்டித் தேங்கும் தண்ணீர் ஓடுவதற்காக வங்குகளின் கீழ்ப்புறம் விடப்பட்டிருக்கும் ஓட்டைகளைப் பார்த்தால், வயருக்கென்றே விட்டதுபோல வசதியாகத் தோன்றும். அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். அங்கே போகும் வயர் எண்ணெயும் உப்புத்தண்ணீரும் கலந்த கழிவில் ஊறிக் கிடப்பதோடு, குப்பையைப் பிடித்துவைத்து, தண்ணீர் பம்பு இருக்கும் இடத்துக்கு ஓடுவதையும் தடுக்கும். தளத்தின் அடிப்புறத்தை ஒட்டி, படகின் பக்கவாட்டு மேல்விளிம்புக்குக் கீழே கொண்டுபோவதுதான் சரியான வழி.

என்ஜின் அறையில் புகைக்குழாயிலிருந்து விலகியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கப்படும் புகைக்குழாய் என்றால் குறைந்தது 5 செ.மீ., வறண்ட புகைக்குழாய் என்றால் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். சுழலும் பெல்ட், ஷாஃப்ட் ஆகியவற்றின் அருகில், கட்டு அவிழ்ந்து தொங்கினாலும் வயர் அவற்றில் சிக்காத தூரத்தில் பாதை அமைய வேண்டும். திசைகாட்டிக்கு 60 செ.மீ. தூரத்துக்குள் வயர் போக நேர்ந்தால், பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோக வேண்டும். தனித்தனியாக ஓடும் நேர்மின்னோட்ட வயர்கள் உண்டாக்கும் காந்தப்புலம் திசைகாட்டியின் முள்ளை நகர்த்திவிடும்.

எந்த வயர், எவ்வளவு தடிமன்

பழைய படகில் வீட்டுக்கு வாங்கும் சாதாரணச் செம்பு வயரைப் போட்டிருந்தால், அதன் முனையை அறுத்து உறையை உரித்துப் பாருங்கள். பளபளக்க வேண்டிய செம்பு இழைகள் கரிபோலக் கறுத்திருக்கும். இன்னும் கொஞ்சம் உரித்தாலும் கறுப்புதான். சில வயர்களில் ஒரு முழ நீளம் உரித்த பிறகே செம்பின் நிறம் தெரியும். இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக உப்பீரம் உள்ளே ஏறி அரித்ததன் அடையாளம் அது. அப்படிக் கறுத்த இழையில் லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடித்தாலும், ஈயம் வைத்தாலும், இணைப்பு நிற்காது.

ஆகவே எட்டாத இடத்துக்குள் போகும் வயர், ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயப் பூச்சு உள்ள, நுண்ணிழைகள் பல சேர்ந்த செம்பு வயராக இருக்க வேண்டும். விலை கூடுதல்தான். படகு முழுவதற்கும் வாங்க இயலாதவர்கள், கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களில் சாதாரண வயரைப் போட்டுக்கொண்டு, மறைவான நீண்ட பாதைகளுக்காவது வெள்ளீயப் பூச்சு வயரை வாங்கலாம் என்பது என் கருத்து. வயரின் விலையைவிட, அதை மாற்ற மறுபடி படகைப் பிரிக்கும் கூலிதான் பெரிது. ஒற்றைக் கம்பி உள்ள வயரைப் படகில் எந்த இடத்திலும் போடக் கூடாது; என்ஜின் அதிர்வில் அது உறைக்குள்ளேயே முறிந்து, வெளியே நல்லதுபோலக் காட்சி தரும்.

தடிமனைச் சாமான் கடைக்காரரின் பரிந்துரைக்கு விடாமல் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். 12 வோல்ட், 24 வோல்ட் மின்சாரத்தில் நீண்ட வயரில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி பெரிய விஷயம். வழிகாட்டும் விளக்குகள், தொலைத்தொடர்புக் கருவிகள், அடித்தண்ணீர் பம்பு போன்றவற்றுக்கு அந்த வீழ்ச்சி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; மற்றவற்றுக்கு 10 சதவீதம்வரை பொறுக்கலாம். நுண்ணிழைச் செம்பு வயரின் மின்தடை ஒரு மீட்டருக்கு, 1.5 ச.மி.மீ. (சதுர மில்லிமீட்டர்) என்றால் ஏறத்தாழ 0.0133 ஓம், 2.5 ச.மி.மீ. என்றால் 0.008 ஓம், 4 ச.மி.மீ. என்றால் 0.005 ஓம், 6 ச.மி.மீ. என்றால் 0.0033 ஓம், வெள்ளீயப் பூச்சு வயருக்கு இது சற்றே கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சுவிட்ச் போர்டிலிருந்து கம்பத்தின் உச்சிவரை வயர் போகும் வழி 14 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப வேண்டிய தூரம் 28 மீட்டர். 12 வோல்ட்டில் 25 வாட் பல்பு ஏறக்குறைய 2.1 ஆம்பியர் எடுக்கும். 1.5 ச.மி.மீ. வயரில் வீழ்ச்சி 0.78 வோல்ட், அதாவது 6.5 சதவீதம். 2.5 ச.மி.மீ. போட்டாலும் 3.9 சதவீதம். 4 ச.மி.மீ. போட்டால்தான் 2.5 சதவீதத்துக்குள் வரும். அதே இடத்தில் 5 வாட் எல்.இ.டி. விளக்கு என்றால் 1.5 ச.மி.மீ. வயரிலேயே வீழ்ச்சி 1.3 சதவீதம்தான். எனவே நீண்ட பாதை உள்ள இடங்களில், தடித்த வயரை இடுக்கில் நுழைக்கப் போராடுவதற்கு முன், விளக்கை எல்.இ.டி.யாக மாற்றிவிட முடியுமா என்று யோசிப்பது நல்லது. மெல்லிய வயர் வளைவுகளில் எளிதாகத் திரும்பும். துளையும் சிறிதாகப் போதும்.

வி.எச்.எஃப். ஆன்டெனா கேபிளில் கணக்கு வேறு. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 5 மி.மீ. தடிமன் என்பதால் இழுக்க எளிது. ஆனால் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 15 மீட்டர் நீளத்தில் கருவி அனுப்பும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியை அது தின்றுவிடும். 10 மி.மீ. தடிமனுள்ள ஆர்ஜி-213 கேபிளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஆன்டெனாவைச் சென்று சேரும். உயிரைக் காக்க வேண்டிய கருவிக்கு, சிரமப்பட்டாவது தடித்த கேபிளையே இழுக்க வேண்டும். இணைப்பான் பூட்டிய கேபிளை வாங்கினால் 19 மி.மீ. துளை தேவைப்படும்; இணைப்பான் இல்லாத கேபிளை 12 மி.மீ. துளையில் இழுத்துவிட்டுப் பிறகு முனையில் இணைப்பானை ஈயம் வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். இந்தக் கேபிளைக் கூர்மையாக மடக்கினால் உள்ளிருக்கும் நடுக்கம்பி இடம் நகர்ந்துவிடும். அதன் தடிமனைப் போலப் பத்து மடங்கு ஆரம் உள்ள வளைவாவது இருக்க வேண்டும்.

துளையிடும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ் முனையைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாகத் துணி சுற்றி வைக்க வேண்டும். கரையிலிருந்து 230 வோல்ட் இழுத்துத் துளைக்கருவியை ஓட்டுவதாக இருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் அந்த வயரைப் படகுக்குள் கொண்டுவரக் கூடாது. ஈரத்தில் நின்றுகொண்டு வேலை செய்யும் இடம் அது. பேட்டரியில் ஓடும் துளைக்கருவி அதைவிடப் பாதுகாப்பானது.

மூடிக் கிடந்த மீன் அறைக்குள்ளும் அடித்தள அறைகளுக்குள்ளும் உடனே இறங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழுகிய மீன் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். மூக்கை அது மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ள முடியாது. மூடிகளைத் திறந்து, மின்விசிறி வைத்துப் புதிய காற்றை உள்ளே செலுத்தி, நீண்ட நேரம் கழித்தே இறங்க வேண்டும். மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க மேலே நிற்பவர் குதிப்பதால்தான் ஓர் உயிர் போக வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. அவர் முதலில் ஆட்களைக் கூப்பிட வேண்டும்.

எந்தத் தடுப்பிலும் முதலில் 3 மி.மீ. துளை மட்டும் போட்டு, வளையாத மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, பின்னால் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்த பிறகே பெரிய துளைக்குப் போக வேண்டும். துளைக்கம்பியில் தேவையான ஆழத்துக்கு மேல் டேப் சுற்றிவைத்தால், பலகையைத் துளைத்த வேகத்தில் டீசல் டேங்கையோ படகின் வெளிச்சுவரையோ குத்துவதைத் தவிர்க்கலாம். மர வங்கில் துளை போடுவதானால் அதன் உயரத்தின் நடுவில் போட வேண்டும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் வெட்டினால் வங்கின் வலிமை குறையும். ஃபைபர் பூசிய கட்டையில் துளையிட்டால், துளையின் உட்சுவர் முழுவதும் எப்பாக்ஸிப் பிசினைப் பூசிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாக ஈரம் இறங்கி உள்ளிருக்கும் மரம் சத்தமில்லாமல் மட்கிப்போகும். ஃபைபரைத் துளையிடும்போது பறக்கும் தூசியை மூச்சில் இழுக்காதிருக்க முகக்கவசமும், கண்ணாடியும், முழுக்கைச் சட்டையும் தேவை.

அறைகளுக்கு இடையே உள்ள நீர்புகாத் தடுப்பில் துளை போடுவது கடைசித் தேர்வாக இருக்கட்டும். வேறு வழியில்லையென்றால், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே போட்டு, வயரின் தடிமனுக்குப் பொருந்தும் கேபிள் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுகித் தண்ணீரை அடைக்கும் திருகு) வைத்து இறுக்க வேண்டும். எம்-சீல் வைத்து அடைப்பது தண்ணீரை நிறுத்தலாம். ஆனால் நான் மேலே சொன்ன அளவுகோலில் அது தோற்றுவிடும், ஏனென்றால் அந்த வயரை இனி வெட்டித்தான் எடுக்க முடியும். மற்ற எல்லாத் துளைகளிலும், விளிம்பு வயரை அறுக்காதிருக்க, ரப்பர் புஷ் என்ற வளையம் போட வேண்டும்.

வழிநூல் விடுவது

வயரை நேரடியாகத் தள்ளிக்கொண்டு போவது சில அடிகளுக்குத்தான் ஆகும். அதற்கு மேல், முதலில் ஒரு வழிநூலை மறுமுனைக்குக் கொண்டுபோய்விட்டு, அதைக் கொண்டு வயரை இழுக்க வேண்டும். நூலுக்குப் படகில் பஞ்சமில்லை. 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள பின்னிய நைலான் நூல் மிகப் பொருத்தம். தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நூல்) பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை. அது வழுக்கும், முடிச்சு நழுவும், இழுக்கும் கையையும் பக்கத்தில் ஓடும் பழைய வயரின் உறையையும் அறுக்கும்.

படுக்கைவாட்டில் போகும் நீண்ட இடங்களில், மின்பணியாளர்கள் குழாய்களுக்குள் விடும் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கோ, ஒன்றோடொன்று திருகிப் பொருத்தும் ஃபைபர் குச்சிகளோ பயன்படும். பேட்டரி இணைப்பு முழுவதையும் கழற்றாத படகில் எஃகு ஸ்பிரிங்கை உள்ளே விடக் கூடாது. ஃபைபர் குச்சியில் அந்த ஆபத்து இல்லை. முனை வங்கில் முட்டி நின்றால், தள்ளிக்கொண்டே இருக்காமல் சற்றுப் பின்வாங்கி, குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே மீண்டும் முன்னே விட வேண்டும். முனையைச் சற்று வளைத்து டேப் சுற்றி உருண்டையாக்கி வைத்திருந்தால், உருட்டும்போது அது இடம் மாறி வழியைக் கண்டுபிடித்துவிடும். மறுமுனையில் இருப்பவர் கொக்கி போட்ட கம்பியால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கைக்குச் சில அங்குலம் எட்டாமல் நின்றால், குச்சியின் முனையில் சிறு இரும்பு வளையத்தைக் கட்டிவிட்டு, வலுவான காந்தத்தை நீண்ட குச்சியில் பொருத்தி வெளியே இழுக்கலாம்.

செங்குத்தாக இறங்கும் இடங்களில் வேலை எளிது. வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டி மேலிருந்து இறக்கினால் போதும். கம்பத்தின் உள்ளே பழைய வயர்கள் இருந்தால், குண்டு அவற்றில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க மெதுவாக இறக்க வேண்டும்; கீழே இருப்பவர் கம்பத்தில் காது வைத்துக் கேட்டால் குண்டு தட்டிக்கொண்டு இறங்கும் ஒலியிலிருந்து அது எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

ஏற்கெனவே பிவிசி குழாய் பதிக்கப்பட்டிருந்தால், இன்னொரு வழி உண்டு. பாலித்தீன் பையிலிருந்து கையகலத் துண்டு வெட்டி, மெல்லிய நூலின் முனையில் கட்டி, குழாயின் ஒரு முனையில் வைத்துவிட்டு, மறுமுனையில் வாக்குவம் கிளீனரின் குழாயைத் துணி சுற்றிப் பொருத்தி ஓட்டினால், துண்டு காற்றோடு இழுபட்டு நூலைக் கொண்டுவந்துவிடும். அந்த மெல்லிய நூலில் தடித்த நூலைக் கட்டி மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். துண்டு வரவில்லையென்றால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது அல்லது குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். இரண்டையும் சரிசெய்யாமல் அதற்குள் வயர் இழுக்கக் கூடாது.

பழைய வயரையே வழிநூலாகப் பயன்படுத்தலாம் என்று தோன்றும்; பல நேரங்களில் அது சரியும்கூட. ஒரு முனையைப் பிடித்து நான்கு விரல் அளவு இழுத்துப் பார்த்து, மறுமுனையும் அதே அளவு நகர்ந்தால்தான் அது எங்கும் கிளிப் அடித்து இறுக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அப்போதும் பழைய வயரில் நேராகப் புதிய வயரைக் கட்டாமல், நைலான் நூலைக் கட்டி இழுப்பது நல்லது. பழையது நடுவழியில் அறுந்தாலும், சிக்கி நிற்பது நூல்தான். புதிய வயருக்குச் சேதம் வராது.

இழுப்பது

இழுக்கும் முன்பே ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் அது எதற்கானது என்று எழுதி, மேலே நிறமற்ற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்டுச் சுருக்கிவிட வேண்டும். ஒரே பாதையில் போகும் எல்லா வயர்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் இழுக்க வேண்டும். முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று இழுத்தால், பின்னால் வரும் வயர் முன்னால் போனதன் உறையை உரசிக் கிழிக்கும்.

கட்டும் முறைதான் இந்த வேலையின் நுட்பம். நான்கு வயர்கள் போக வேண்டுமென்றால், அவற்றின் முனைகளை ஒரே அளவாக வைக்காமல், ஒன்றைவிட ஒன்று மூன்று விரல் பின்தள்ளி வைத்து, மிக நீண்டதன் முனையை உரித்து அந்த இழைகளில் வளையம் செய்து நூலைக் கட்டுங்கள். பிறகு நூலின் மீது தொடங்கி நான்காவது வயர்வரை டேப்பை இறுக்கிச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். முடிச்சு வெளியே தெரியாமல், முன்னால் மெலிந்து பின்னால் பருத்து, கையால் தடவினால் எங்கும் தடுக்காமல் இருக்க வேண்டும். இப்படிக் கட்டிய முனை, துளையின் விளிம்பில் முட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கட்டோடு இன்னொரு புதிய நூலையும் சேர்த்துக் கட்ட மறக்கக் கூடாது. அது வயர்களோடு உள்ளே போய் அங்கேயே தங்கி, அடுத்த முறை டிரான்ஸ்பாண்டரோ வேறு கருவியோ வரும்போது வழிநூலாக நிற்கும்.

வழுக்குவதற்கு முகப் பவுடர் தூவினால் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் பிவிசி உறையையும் ரப்பர் புஷ்ஷையும் காலப்போக்கில் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தொடக் கூடாது.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் வயரைச் சுருள் பிரித்து, முறுக்கு ஏறாமல், நேராக உள்ளே ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஊட்டுபவர்தான் வேகத்தை நிர்ணயிக்க வேண்டும். கரைமேடையில் சத்தம் அதிகம் என்பதால், இருவரும் கைபேசியில் பேசிக்கொண்டே செய்வது நல்லது. வயர் நின்றுவிட்டால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டு, கட்டைச் சற்றுத் திருப்பி, மறுபடி மெதுவாக விட வேண்டும். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்தும் அதே அளவில் நின்றால், உள்ளே போன நீளத்தை அளந்து, வெளியிலிருந்து அந்த இடத்தைக் குறித்து, அங்கே ஒரு பார்வைத்துளையும் அதற்குத் திருகு மூடியும் வைப்பதே நேர்மையான தீர்வு. 10 செ.மீ. விட்டமுள்ள மூடி ஒன்று பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

இரு முனைகளிலும் குறைந்தது ஒரு முழம் கூடுதல் நீளம் விட்டே வெட்ட வேண்டும். பாதையின் நடுவில் ஒட்டுப்போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நீளம் போதாமல் போனால் முழு வயரையும் மாற்றி இழுப்பதே முறை.

இழுத்த வயர்கள் தொங்கி ஆடாமல், கைக்கு எட்டும் இடங்களிலெல்லாம் 45 செ.மீ. இடைவெளிக்கு ஒரு பிடி போட வேண்டும். எட்டாத பகுதியில் பிடி போட முடியாது என்பதால்தான் அங்கே முதலில் ஒரு குழாயைச் செலுத்தி அதற்குள் வயரை விடுவதை நான் வலியுறுத்துகிறேன். குழாயின் தாழ்ந்த இடத்தில் சிறு துளை ஒன்று இருந்தால், உள்ளே வியர்க்கும் தண்ணீர் வடிந்துவிடும். 230 வோல்ட் வயரையும் பேட்டரி வயரையும் ஒரே குழாயில் விடக் கூடாது. ஆன்டெனா கேபிளையும் எக்கோ சவுண்டரின் கேபிளையும் மின்வயர்களிலிருந்து இயன்றவரை விலக்கிக் கொண்டுபோனால் இரைச்சல் குறையும்.

மீன் அறையும் கம்பமும்

மீன் அறைச் சுவருக்குள் இருக்கும் காப்புப்பொருளுக்கு நடுவே வயரைச் செலுத்துவது குறுக்குவழியாகத் தோன்றினாலும், அதைத் தவிர்த்து, தளத்தின் அடியிலோ படகின் பக்கவாட்டிலோ சுற்றிப் போவதே சரி. காப்புப்பொருளுக்குள் புதைந்த வயரில் உண்டாகும் சூடு வெளியேற வழியில்லை. பனிக்கட்டி உருகிக் கசியும் தண்ணீரும் அங்கேதான் சேரும். தெர்மாகோல் காப்பு உள்ள பழைய படகுகளில் இன்னொரு கேடும் உண்டு. பிவிசி உறையை வளையும்படி வைத்திருக்கும் வேதிப்பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடுவதால், தெர்மாகோல் குழைந்து கரைய, உறை விறைத்து வெடிக்கத் தொடங்கும். சுற்றிப் போக இடமே இல்லையென்றால், மூட்டு இல்லாத ஒரே நீளக் குழாயைக் காப்புப்பொருளின் ஊடே பதித்து, இரு முனைகளையும் மீன் அறைக்கு வெளியே கொண்டுவந்த பிறகே வயரை விட வேண்டும்.

கம்பத்தின் உச்சிக்குப் போகும் வயர்களில், இழுவலை போடும்போது எரிய வேண்டிய பச்சை, வெள்ளை விளக்குகளின் வயர்களும் அடங்கும் என்பதால், அங்கே வேலை சுத்தமாக இருக்க வேண்டும். இரும்புக் குழாயில் வெட்டிய துளையின் விளிம்பை அரம் கொண்டு மழுக்கி, பெயின்ட் அடித்து, ரப்பர் புஷ் போட வேண்டும். வெளியேறும் துளை கீழ்நோக்கி இருந்து, வயர் அங்கிருந்து சற்றுத் தொங்கி மேலேறி விளக்குக்குள் நுழைந்தால், மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். உள்ளே தொங்கும் வயரின் எடை முழுவதையும் விளக்கின் முனைத்திருகு தாங்கக் கூடாது. கம்பத்தின் உச்சியிலேயே ஒரு பிடி போட்டு எடையை அதன்மேல் விட வேண்டும்.

முனைகள், ஃபியூஸ், சோதனை

முனைகளில் வெள்ளீயப் பூச்சுள்ள லக்குகளைக் கிரிம்பிங் டூலால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஈயம் மட்டும் வைத்த இணைப்பு அதிர்வில் விறைத்த இடத்திலேயே முறியும். முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே அல்ல. அடித்தண்ணீர் பம்பின் வயர் இணைப்புகள், தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தானியங்கிப் பம்பு என்றால், படகு ஆளில்லாமல் நிற்கும்போதும் ஓடும்படி, மெயின் சுவிட்சைத் தாண்டித் தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்தே கொடுக்க வேண்டும்.

ஃபியூஸ், மின்சாரம் புறப்படும் இடத்தில், பேட்டரியிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். 1.5 ச.மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 15 ஆம்பியர், 4-க்கு 20 ஆம்பியர் என்று கொண்டால் பாதுகாப்பாக இருக்கும். கருவி அதைவிடக் குறைந்த ஃபியூஸைக் கேட்டால் அதையே போட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனி நெகட்டிவ் வயர் இழுக்க வேண்டும். என்ஜினையோ இரும்புச் சட்டத்தையோ நெகட்டிவாகப் பயன்படுத்தினால், கசியும் மின்சாரம் புரொப்பெல்லரையும் தண்டையும் அரித்துவிடும்.

கருவிகளை இணைக்கும் முன், ஒவ்வொரு வயரையும் முனைக்கு முனை மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, பிறகு வயருக்கும் வயருக்கும் இடையிலும், வயருக்கும் என்ஜினுக்கும் இடையிலும் மெகர் (உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், இழுக்கும்போது உறை எங்கோ கிழிந்திருக்கிறது. எலக்ட்ரானிக் கருவிகள் இணைந்திருக்கும் நிலையில் மெகரைப் பயன்படுத்தினால் அவை எரிந்துபோகும். எல்லாவற்றையும் இணைத்த பின், விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனையிலும் விளக்கின் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து, வித்தியாசம் நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கணக்கைவிட இரண்டு மடங்கு வீழ்ச்சி இருந்தால், ஏதோ ஒரு லக் சரியாக அழுந்தவில்லை.

தொடக்கத்தில் வரைந்த படத்தில் புதிய பாதைகளையும், பார்வைத்துளைகளையும், உள்ளே விட்டுவைத்த வழிநூல்களின் முனைகளையும் குறித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, சுவிட்ச் போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். முதல் தங்கல் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முடிந்து திரும்பியதும், என்ஜின் அறையிலும் கம்பத்தின் அடியிலும் உள்ள பிடிகளையும் கிளாண்டுகளையும் மறுபடி இறுக்கி, எல்லாத் துளைகளிலும் ரப்பர் புஷ் தன் இடத்தில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு எதையாவது தளர்த்தியிருந்தால் அந்த முதல் தங்கலிலேயே தெரிந்துவிடும்.